துப்பாக்கி உரிமம் பையில், அனுமதி வாசலில்

டெக்சாஸில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கித் திரும்பிய நண்பர் ஒருவர் சென்ற வாரம் ஒரு சந்தேகம் கேட்டார். "அங்கே ஒரு மருத்துவமனைக் கதவில் கைத்துப்பாக்கிப் படம் போட்டு, அதன் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து ஒட்டியிருந்தார்கள். எதிரே இருந்த மருந்துக் கடைக் கதவில் அப்படி எதுவும் இல்லை. அப்படியானால் மருந்துக் கடைக்குள் துப்பாக்கியோடு போகலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உடனிருந்த இருவர் பதில் சொல்லிவிட்டார்கள். "அங்கே அது அரசியல் சட்ட உரிமை. எங்கே கொண்டுபோனாலும் யாரும் தடுக்க முடியாது" என்றார் ஒருவர். "மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் நாடு முழுக்கத் தடை" என்றார் மற்றவர். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் அடித்துச் சொல்வார்கள். இரண்டுமே தவறு. மூவரில் சரியான இடத்தைத் தொட்டவர் கேள்வி கேட்டவர்தான். பலகை இல்லாத கதவு என்ன சொல்கிறது என்ற அந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது.

அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

உரிமை யாரிடம் பேசுகிறது?

உங்கள் நண்பர் உங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து உங்கள் தாயாரைத் திட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுந்து வெளியே போகச் சொல்கிறீர்கள். "எனக்குக் கருத்துச் சுதந்திரம் இருக்கிறது" என்று அவர் சட்டம் பேசினால் சிரிப்புத்தான் வரும். கருத்துச் சுதந்திரம் அவருக்கு இருப்பது உண்மை. ஆனால் அது அரசாங்கத்தின் கையைக் கட்டிப்போட எழுதப்பட்டது. உங்கள் வீட்டுக் கதவை அது திறந்து வைக்காது.

துப்பாக்கி உரிமையும் அந்த வகைதான். அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் 1791இல் நடைமுறைக்கு வந்தது. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமையில் கைவைக்கக் கூடாது என்று அது அரசாங்கத்திடம் சொல்கிறது. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008இல்தான். ஹெல்லர் வழக்கு என்று அதைக் குறிப்பிடுவார்கள். அந்த உரிமை வீட்டு வாசலோடு முடிவதில்லை, வெளியிலும் தொடர்கிறது என்று 2022இல் புரூயன் வழக்கில் தீர்ப்பு வந்தது.

இந்த இரண்டு தீர்ப்புகளும் அரசு போட்ட தடைகளைப் பற்றியவை: முதலாவதில் தலைநகர் வாஷிங்டனின் சட்டம், இரண்டாவதில் நியூயார்க் மாநிலத்தின் சட்டம். ஒரு கடைக்காரரோ மருத்துவமனை நிர்வாகமோ வீட்டுக்காரரோ தன் இடத்தில் வைக்கும் விதியைப் பற்றி அவற்றில் தீர்ப்பு எதுவும் இல்லை.

துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல மாநிலம் கொடுக்கும் சீட்டைத்தான் மறைவாயுத உரிமம் என்கிறோம். 2024இன் நிலவரப்படி 29 மாநிலங்களில் தகுதியுள்ள பெரியவர்களுக்கு இந்தச் சீட்டுகூடத் தேவையில்லை. இதைக் கேட்டவுடன் "அப்படியானால் எங்கும் போகலாம்" என்று மனம் தாவுகிறது. ஓட்டுநர் உரிமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் சாலையில் கார் ஓட்டலாம், பக்கத்து வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: அரசியல் சட்ட உரிமை அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. இடத்துக்குச் சொந்தக்காரரின் வாய்ச்சொல் வேறு கணக்கு.

எல்லோரும் போகும் இடம் எல்லோருக்கும் சொந்தமா?

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. அங்காடி, திரையரங்கு, மருத்துவமனை எல்லாவற்றிலும் யார் வேண்டுமானாலும் நுழைகிறார்கள். ஆகவே அவற்றைப் பொது இடம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். சட்டம் இங்கே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறது. அந்த இடம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறதா என்பது ஒன்று. அது யாருடைய சொத்து என்பது மற்றொன்று.

தனியாருக்குச் சொந்தமான கடையில் கதவு திறந்திருப்பது ஒரு அழைப்பு. அழைத்தவர் நிபந்தனை வைக்கலாம். நாயைக் கூட்டி வராதீர்கள், சட்டை அணியாமல் வராதீர்கள், ஆயுதம் கொண்டுவராதீர்கள். நிபந்தனையை மீறி உள்ளே வருவதும், போகச் சொன்ன பிறகும் போகாமல் நிற்பதும் அத்துமீறல் என்ற குற்றத்தில் சேரும். பெரும்பாலான ஆயுத வழக்குகளில் கடைக்காரரின் கையில் இருக்கும் உண்மையான கருவி இந்தப் பழைய அத்துமீறல் சட்டம்தான். துப்பாக்கிச் சட்டங்களைவிட அது பல நூற்றாண்டு மூத்தது.

மருத்துவமனைக்கு வருவோம். அமெரிக்காவில் மருத்துவமனைகள் ஒரே சாதி இல்லை. பல, லாப நோக்கற்ற தனியார் அமைப்புகளுடையவை. சில, மாவட்ட நிர்வாகத்தையோ மாநிலப் பல்கலைக்கழகத்தையோ சேர்ந்தவை. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் மத்திய அரசுடையவை. அவற்றின் வளாகத்துக்குள் ஆயுதம் கொண்டுவர மத்திய விதியே தடை போடுகிறது. ஒரே நகரத்தில் ஒரே தெருவில் இந்த மூன்று வகையும் இருக்கலாம். மூன்றின் வாசலிலும் வெவ்வேறு சட்டம் காவல் நிற்கும். "மருத்துவமனையில் துப்பாக்கி கூடுமா" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பவருக்கு நேர்மையானவர் யாரும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது.

காவல்துறையினர் மட்டும் விதிவிலக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பணி நேரம் முடிந்த காவலர்களும் ஓய்வுபெற்றவர்களும் எந்த மாநிலத்திலும் மறைவாக ஆயுதம் வைத்திருக்க 2004ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று வழிசெய்கிறது. தனியார் தங்கள் இடத்தில் ஆயுதத்தைத் தடுக்க மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால் அதை இது மீறாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வாசல் பலகைக்கு எவ்வளவு கனம்?

சொந்தக்காரர் வேண்டாம் என்று சொல்லலாம் என்பது சரி. எப்படிச் சொன்னால் அது செல்லும்? இதில் மாநிலத்துக்கு மாநிலம் நடக்கும் கூத்தைப் பார்த்தால் சட்டம் எழுதியவர்கள் அச்சகம் நடத்தியவர்களோ என்று தோன்றும்.

டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 30.06 பிரிவு, உரிமம் பெற்றவர் மறைத்துக் கொண்டுவரும் கைத்துப்பாக்கியைப் பற்றியது. அவரைத் தடுக்கக் கதவில் பலகை வைப்பதானால் சட்டத்தில் உள்ள வாசகம் அப்படியே இருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் இருக்க வேண்டும். எழுத்து குறைந்தது ஓர் அங்குல உயரம் இருக்க வேண்டும், பின்னணியோடு நிறம் மாறுபட்டுத் தெரிய வேண்டும். வெளிப்படையாக இடுப்பில் தொங்கவிட்டு வருபவரைத் தடுக்க 30.07 என்று இன்னொரு பலகை. இரண்டையும் தடுக்க நினைக்கும் கடைக்காரரின் கண்ணாடிக் கதவில் விளம்பரம் ஒட்ட இடம் மிஞ்சாது. குறுக்குக் கோடு போட்ட வெறும் துப்பாக்கிப் படம் 30.06 கேட்கும் பலகை ஆகாது. பலகையை மீறி நுழைந்ததற்கு அபராதம் 200 டாலர் வரை. வாயால் போகச் சொன்ன பிறகும் நின்றால் குற்றத்தின் தரம் உயர்ந்து, ஓராண்டு வரை சிறையும் வரலாம்.

மினசோட்டா இன்னும் ஒரு படி மேலே போகிறது. பலகையில் எழுத்துரு ஏரியல் என்று சட்டமே சொல்கிறது. கறுப்பு நிறம், ஒன்றரை அங்குல உயரம், பலகையின் பரப்பு குறைந்தது 187 சதுர அங்குலம், தரையிலிருந்து நான்கு முதல் ஆறு அடி உயரத்தில் அதன் அடிவிளிம்பு. இவ்வளவு ஆரவாரத்துக்குப் பிறகு, போகச் சொல்லியும் போகாதவருக்கு முதல் முறை அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 25 டாலர்.

இல்லினாய்ஸில் நான்குக்கு ஆறு அங்குலச் சிறிய பலகை போதும். வேறு சில மாநிலங்களில் பலகையை மீறுவது மட்டும் குற்றமாகாது. யாராவது நேரில் வந்து வெளியேறச் சொல்லி, அதற்கும் அசையாதபோதுதான் அத்துமீறல் தொடங்கும். அங்கே பலகை ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான்.

சுருங்கச் சொன்னால், பலகைக்குச் சொந்தமாகச் சக்தி எதுவும் கிடையாது. மாநிலச் சட்டம் எவ்வளவு சக்தி கொடுக்கிறதோ அவ்வளவுதான்.

பலகையே இல்லாத கதவு

இப்போது நண்பரின் மருந்துக் கடைக்கு வருவோம்.

புதிதாக ஒரு கைப்பேசி வாங்குகிறீர்கள். ஒலி, எழுத்தின் அளவு, அறிவிப்புகள் எல்லாம் தொழிற்சாலையிலேயே ஏதோ ஒரு நிலையில் வைக்கப்பட்டு வருகின்றன. மாற்ற விரும்பினால் மாற்றலாம். பெரும்பாலானோர் கடைசிவரை மாற்றுவதே இல்லை. ஆகவே அந்த முதல் அமைப்பை யார் முடிவு செய்கிறாரோ, அவரே கோடிக்கணக்கான கைப்பேசிகளின் போக்கை முடிவு செய்கிறார்.

சட்டத்திலும் இப்படி ஒன்று உண்டு. யாரும் எதுவும் சொல்லாத இடத்தில் எது செல்லும் என்று சட்டம் முன்கூட்டியே வைத்திருக்கும் விடைக்கு இயல்பு விதி என்று பெயர் வைத்துக்கொள்வோம். பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் கடைக்காரரின் மௌனம் சம்மதம். அவர் வேண்டாம் என்று சொல்லாதவரை, சட்டப்படி ஆயுதம் வைத்திருப்பவர் உள்ளே வரலாம்.

புரூயன் தீர்ப்பு வந்த பிறகு சில மாநிலங்கள் இதைத் தலைகீழாகத் திருப்பின. நியூயார்க் 2022 செப்டம்பர் முதல், ஹவாய் 2023இல். அந்த விதிகளின்படி கடைக்காரரின் மௌனம் மறுப்பு. அவர் வரலாம் என்று சொல்லாதவரை ஆயுதத்தோடு நுழைவது குற்றம். கடைக்காரரின் அதிகாரம் இரண்டு முறையிலும் ஒன்றுதான். அவர் அனுமதிக்கவும் செய்யலாம், தடுக்கவும் செய்யலாம். மாறுவது, அவர் எதுவும் செய்யாமல் இருக்கும்போது என்ன நடக்கிறது என்பது மட்டுமே. கடைக்காரர்களில் பெரும்பாலோர் எதுவும் செய்யாமல்தான் இருப்பார்கள். ஒரு பக்கம் பலகை வைத்தால் ஒரு கூட்டம் கோபிக்கும், மறுபக்கம் வைத்தால் இன்னொரு கூட்டம் கோபிக்கும். வியாபாரி வாயை மூடிக்கொள்வார்.

சிறியதாகத் தெரியும் இந்தத் திருப்பம் நீதிமன்றங்களைப் பிளந்துவிட்டது. பொதுமக்களுக்குத் திறந்த கடைகளைப் பொறுத்தவரை நியூயார்க்கின் விதி செல்லாது என்ற திசையில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 டிசம்பரில் நின்றது. இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ஹவாயின் விதியை அனுமதித்தது. அதே தீர்ப்பில் கலிபோர்னியாவின் விதிக்கு அது இடம் கொடுக்கவில்லை. காரணம் சுவையானது. ஹவாயில் கடைக்காரர் வாயால் சரி என்றாலே போதும். கலிபோர்னியாவில் பலகை வைத்தால் மட்டுமே அனுமதியாகக் கணக்கு. ஹவாய் வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் ஏற்றுக்கொண்டு, 2026 ஜனவரியில் வாதங்களைக் கேட்டது.

என் பார்வையில், இரு தரப்பும் சொத்துரிமையைக் காப்பதாகச் சொல்வதில் பாதிதான் உண்மை. இரு தரப்பும் உண்மையில் கேட்பது, பேசாமல் இருப்பவரின் மௌனத்தைத் தங்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்பதை.

மருத்துவமனை மட்டும் ஏன் தனி?

அரசு ஆயுதத்தைத் தடை செய்யக்கூடிய இடங்களை உணர்திறன் மிக்க இடங்கள் என்று நீதிமன்றங்கள் குறிக்கின்றன. பள்ளிகளையும் அரசுக் கட்டடங்களையும் ஹெல்லர் தீர்ப்பே எடுத்துக்காட்டாகச் சொன்னது. அந்த எடுத்துக்காட்டில் மருத்துவமனை இல்லை. இல்லினாய்ஸ் போன்ற மாநிலங்கள் தாங்களாகவே மருத்துவமனையைத் தடைப்பட்டியலில் சேர்த்தன. டெக்சாஸ் சட்டமும் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கொண்டுவருவதைத் தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. சேர்க்காத மாநிலங்களில் மருத்துவமனையும் ஒரு கடையைப் போலத் தன் வாசலில் தானே நிபந்தனை வைக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அச்சம்? 2000 முதல் 2011 வரை அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்த துப்பாக்கிச் சூடுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. மொத்தம் 154 நிகழ்வுகள். வந்தவர்களின் நோக்கங்களைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. பழைய பகையைத் தீர்க்க வந்தவர்கள் 27 சதவீதம். தன்னையே மாய்த்துக்கொள்ள வந்தவர்கள் 21 சதவீதம். நோயில் கிடக்கும் உறவினரின் வேதனையை முடித்துவைப்பதாக எண்ணி வந்தவர்கள் 14 சதவீதம். துயரமும் கோபமும் உறக்கமின்மையும் ஒரே கூரையின் கீழ் கூடுகிற இடம் இது. இங்கே இடுப்பில் ஓர் ஆயுதம் இருப்பதற்கும் பலசரக்குக் கடையில் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

அதே ஆய்வில் இன்னொரு எண் காவல் ஏற்பாடு செய்பவர்களைத் திடுக்கிட வைத்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நடந்த சூடுகளில் 23 சதவீதத்தில், சுட்டவர் பயன்படுத்தியது காவலாளியிடமிருந்து பறித்த துப்பாக்கி. தலைவாசலில் எத்தனை சோதனைக் கருவி வைத்தாலும் இந்தத் துப்பாக்கி சிக்காது. அது ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது.

பிறகு, எம்.ஆர்.ஐ. அறை. வழக்கமாக 1.5 அல்லது 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தம் அங்கே இருக்கிறது. பூமியின் காந்தப் புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு. அந்தக் காந்தத்தைச் சாவி போட்டு அணைப்பதில்லை, நோயாளி இல்லாத நேரத்திலும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். 2000ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் பணியில் இல்லாத காவலர் ஒருவர் படம் எடுக்கப் போனபோது அவருடைய கைத்துப்பாக்கி இழுபட்டுக் காந்தத்தில் ஒட்டி வெடித்தது. குண்டு சுவரில் பாய்ந்தது, யாருக்கும் காயமில்லை. 2023இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் தாயாரை அழைத்துச் சென்ற ஒருவர் அவ்வளவு அதிர்ஷ்டசாலியாக இல்லை. உடலில் மறைத்து வைத்திருந்த துப்பாக்கி எம்.ஆர்.ஐ. அறையில் வெடித்து உயிரிழந்தார். முறையாக உரிமம் பெற்ற துப்பாக்கிதான் அது.

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். பலகைக்குக் கட்டுப்படுபவர் நல்லவர் மட்டும்தான், கெட்ட எண்ணத்தோடு வருபவர் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவாரா என்று கேட்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நள்ளிரவில் பணி முடிந்து இருண்ட வாகன நிறுத்துமிடத்தின் கடைசி மூலைவரை தனியே நடக்கும் செவிலியரின் பயத்தை யாரும் கேலி செய்ய முடியாது. ஆனால் மேலே சொன்ன 154 நிகழ்வுகளில் பலவற்றில் வந்தவர் அந்நியரே இல்லை. மகன், கணவன், பழைய நோயாளி.

மருத்துவமனைக்கு மற்றொரு சிக்கல் உண்டு, அது வேறு எந்தச் சொத்துக்காரருக்கும் இல்லை. கடைக்காரர் "ஆயுதத்தோடு வந்தால் வெளியே போ" என்று சொல்லலாம். 1986ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் பங்கேற்கும் மருத்துவமனைகள் அவசர சிகிச்சைக்கு வந்தவரைப் பரிசோதித்து, ஆபத்து இருந்தால் நிலைப்படுத்தியாக வேண்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரின் கால்சட்டைக்குள் கைத்துப்பாக்கி இருந்தால் அவரைத் திருப்பி அனுப்ப வழியில்லை. நோயாளியை ஏற்றுக்கொண்டு துப்பாக்கியை மட்டும் பிரிக்க வேண்டும். இதற்கென்றே பல மருத்துவமனைகள் எழுதிவைத்த நடைமுறை வைத்திருக்கின்றன. செவிலியர் அதைத் தொட வேண்டாம், பயிற்சி பெற்றவரை அழைக்கட்டும், பூட்டிய பெட்டியில் வைத்துச் சீட்டு எழுதட்டும்.

ஆக, மருத்துவமனையைத் தனிமைப்படுத்துவது மூன்று: அங்கே வரும் மனிதரின் மனநிலை, அங்கே இருக்கும் கருவிகள், வந்தவரை மறுக்க முடியாத கடமை.

வண்டிக்குள் விட்டுவிட்டு வந்தால்?

வாசலில் தடை என்றால் துப்பாக்கியை எங்கே வைப்பது? காரில்தான். கார் நிற்கும் இடமும் அதே சொந்தக்காரருடையதாயிற்றே?

2002இல் ஓக்லஹோமாவில் ஒரு காகித ஆலை, ஊழியர்களின் வண்டிகளில் துப்பாக்கி இருந்ததற்காகச் சிலரை வேலையை விட்டு நீக்கியது. வேட்டைப் பருவத்தில் வண்டியில் துப்பாக்கி இருப்பது அங்கே விசேஷமே இல்லை. ஊர் கொதித்தது. பூட்டிய வண்டிக்குள் இருக்கும் துப்பாக்கியை முதலாளி தடுக்கக் கூடாது என்று 2004இல் மாநிலம் சட்டம் போட்டது. நிறுவனங்கள் வழக்காடி, 2009இல் மேல்முறையீட்டில் தோற்றன. பிறகு புளோரிடா, டெக்சாஸ் எனப் பல மாநிலங்கள் இப்படிச் சட்டம் செய்தன. எழுத்துருவரை அளந்து பலகை கேட்கும் மினசோட்டாவும் வாகன நிறுத்துமிடத்தில் தடை போடச் சொந்தக்காரரை விடுவதில்லை.

சொத்துக்காரரின் சொல்லே கடைசிச் சொல் என்று நான் தொடக்கத்தில் கட்டியது இங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. அரசு நினைத்தால் அந்தச் சொல்லையும் சில அடி தூரத்துக்கு அடக்கி வைக்கலாம். இதனால் வேறு தொல்லையும் வருகிறது. பூட்டிய காரும் கண்ணாடி வைத்த பெட்டிதான். வண்டியை உடைத்துத் துப்பாக்கி திருடுவது அங்கே காவல்துறைக்குப் பழகிப்போன வழக்கு.

இவ்வளவையும் நண்பரிடம் சொல்லி முடித்தேன். அவருடைய மருந்துக் கடைக்குப் பதில்: டெக்சாஸில், பலகை இல்லாவிட்டால், சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவர் யாராவது போகச் சொல்லும்வரை உள்ளே இருக்கலாம். ஹவாய் 2023இல் எழுதிய விதிப்படி என்றால், கேட்டுவிட்டுத்தான் உள்ளே காலடி வைக்க வேண்டும்.

அவர் சற்று யோசித்துவிட்டு, "அந்தப் படத்தில் துப்பாக்கி மட்டும்தானே இருந்தது. கத்தி?" என்றார். இடத்துக்காரர் ஒவ்வொரு பொருளுக்கும் படம் வரைந்து ஒட்ட வேண்டியதில்லை, உள்ளே இருப்பவர் எடுத்துப் போகச் சொன்னால் போதும் என்றேன். வாசல் காவலாளியின் மேசையில் ஏதாவது பெட்டி இருந்ததா என்று அவரையே கேட்டேன். இருந்ததாம். மூடி திறந்திருந்ததாம். உள்ளே இரண்டு மடக்குக் கத்தியும் ஒரு மிளகுத் தெளிப்பானும் கிடந்தனவாம், ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம் போட்டுச் செருகிய எண் சீட்டோடு.